இருமொழியில் எழுதிய பேராசிரியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகள் இலக்கியம் கற்பித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஓய்வு பெற்றபின் பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ அரூரிலோ புத்தகக் கட்டுகளுக்கு நடுவே வாழ்ந்துவரும் பேராசிரியர்கள் சிலரை நம்மில் பலர் அறிவோம். அவர்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் பணி நிறைவு மலரிலோ மணிவிழா மலரிலோ இடம்பெறும் நான்கு பக்கக் கட்டுரைகள்தாம். பிறந்த ஊர், பெற்ற பட்டம், வகித்த பதவி, தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள், விருதுகள், வாழ்த்து என்று அவை ஒரே வாய்பாட்டில் முடிந்துவிடும். நூல்களைத் தமிழ், ஆங்கிலம் என இரண்டு பட்டியலாகப் பிரித்துவிட்ட அக்கணமே அந்த மனிதரின் வாழ்க்கையில் எது கேட்கத்தக்கதோ அது கைநழுவிப் போகிறது என்பது என் கருத்து. எதை எந்த மொழியில் எழுதினார், ஏன் அந்த மொழியில் எழுதினார், எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினார் என்பதே இத்தகைய வாழ்க்கை வரலாற்றின் முதுகெலும்பு. மலருக்காகவோ ஆய்வேட்டின் ஓர் இயலாகவோ பதினைந்து இருபது பக்கம் எழுத முனையும் மாணவரும் இளம் ஆசிரியரும் அதை எப்படித் தேடி எழுதலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் காலவரிசை

பேராசிரியரைச் சந்திக்கப் புறப்படுவதற்கு முன்பே ஒரு காலவரிசையைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நீளத் தாளில் இடப்பக்கம் ஆண்டும், நடுவில் நிகழ்ச்சியும், வலப்பக்கம் அதை எந்த ஆவணத்திலிருந்து எடுத்தோம் என்பதும் இருந்தால் போதும். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரி எதுவும் கட்டுரைக்குள் உறுதியான செய்தியாக நுழையக் கூடாது. பள்ளி மாற்றுச் சான்றிதழ், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பட்டச் சான்றிதழ்கள், பணிப்பதிவேட்டின் நகல், மாறுதல் ஆணைகள், நூல்களின் முதற்பதிப்பு ஆகியவை அடிப்படை ஆவணங்கள்.

பிறந்த தேதியிலேயே முதல் சிக்கல் எழும். அந்தத் தலைமுறையில் பள்ளிச் சான்றிதழின்படி ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் மிகுதி. பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைக்கு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொண்டது அதற்குக் காரணம். வீட்டில் ஜாதகம் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் தமிழ் வருடத்தை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது கவனம் தேவை. சர்வசித்து வருடம் 1947 ஏப்ரலில் தொடங்கி 1948 ஏப்ரலில் முடிகிறது. ஆகவே ‘சர்வசித்து, மாசி மாதம்’ என்று ஜாதகத்தில் இருந்தால் அவர் பிறந்தது 1948 பிப்ரவரி அல்லது மார்ச்சில். 1947 என்று எழுதினால் தவறு. இரண்டு தேதிகள் கிடைத்தால் இரண்டையும் குறிப்பிட்டு, பணி தொடர்பான கணக்குகளுக்குச் சான்றிதழ்த் தேதியைக் கொள்ளுங்கள், ஏனெனில் அவர் ஓய்வு பெற்றது அந்தத் தேதியின்படிதான்.

அடுத்தது மாவட்டம். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 2-10-1965 அன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 9-2-2004 அன்று. காவேரிப்பட்டணத்தில் 1948-இல் பிறந்து அதே ஊரில் வாழ்ந்துவரும் ஒருவர், வீட்டை விட்டு நகராமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார். அவருடைய பள்ளிச் சான்றிதழில் சேலம் மாவட்டமும், பணி ஆணையில் தருமபுரி மாவட்டமும், ஓய்வூதியத் தாள்களில் கிருஷ்ணகிரி மாவட்டமும் இருப்பதைப் பார்த்து, அவர் குடிபெயர்ந்துவிட்டார் என்று எழுதிய கட்டுரையை நான் படித்திருக்கிறேன். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜியின் பிறப்பிடத்தை ஒரு நூல் சேலம் மாவட்டம் என்றும், மற்றொன்று தருமபுரி மாவட்டம் என்றும், வேறொன்று கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் குறிப்பிடுவதும் இதனால்தான். நூல் அச்சான ஆண்டைப் பார்த்தால் மூன்றும் சரியே. ‘அன்றைய சேலம் மாவட்டத்தில், இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கல்வியிலும் இதே கவனம் வேண்டும். 1978-இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன் பதினொன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அதன்பின் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு (பி.யு.சி.), மூன்றாண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை. பழைய பேராசிரியர் ஒருவர் ‘பி.யு.சி. படித்தேன்’ என்று சொல்வதைப் பன்னிரண்டாம் வகுப்பு என்று மாற்றி எழுதக் கூடாது. அந்த ஓராண்டில்தான், தமிழ்வழியில் படித்து வந்த பலர் முதன்முதலாக எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் எதிர்கொண்டார்கள். இருமொழி எழுத்தாளரின் வரலாற்றில் அந்த ஓராண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாலும் தகும். பல்கலைக்கழகப் பெயரையும் சரிபாருங்கள். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்படும்வரை இவ்வட்டாரக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. எனவே 1970-இல் பட்டம் பெற்றவருக்குப் பெரியார் பல்கலைக்கழகப் பட்டம் இருக்க முடியாது.

இரண்டு மொழியா, மூன்றா?

இனி நம் முதன்மையான பொருளுக்கு வருவோம். இருமொழி எழுத்தாளர் என்றதும் தமிழும் ஆங்கிலமும் என்று முடிவுகட்டிவிடுவது நம் வட்டாரத்துக்குப் பொருந்தாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர்கள் உண்டு. எழுத்தில் இரண்டு மொழிகளே தெரிந்தாலும் வாழ்க்கையில் மூன்று மொழிகள் இருக்கும். ஏ.கே. இராமானுஜன் (1929–1993) இதற்குச் சிறந்த சான்று. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூரில் கன்னடச் சூழலில் வளர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், தம் கவிதைகளை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதினார். சங்கப் பாடல்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றார். அவரை இருமொழிக் கவிஞர் என்று மட்டும் குறித்தால் தாய்மொழியாகிய தமிழே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும்.

ஆகவே பேராசிரியரிடம் ‘உங்களுக்கு எத்தனை மொழிகள் தெரியும்?’ என்று கேட்பதை விட, எந்த வேலையை எந்த மொழியில் செய்தீர்கள் என்று கேளுங்கள். அப்பாவுக்குக் கடிதம் எந்த மொழியில் எழுதினீர்கள், மளிகைப் பட்டியல் எந்த மொழியில், நாட்குறிப்பு எந்த மொழியில், வகுப்புக்கு எடுத்துச் சென்ற பாடக் குறிப்பு எந்த மொழியில், கவிதையின் முதல் வரைவு எந்த மொழியில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் விடைகள் தாமாகவே ஒரு வரைபடமாக அமையும். வாய்ப்புக் கிடைத்தால் அவர் பாடம் நடத்திய பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஓர் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பின் பக்க ஓரங்களில், முதல் ஐந்தாண்டுக் குறிப்புகள் அகராதிப் பொருளாக ஆங்கிலத்தில் இருந்தன. பிறகு மை நிறம் மாறியபோது குறிப்புகளும் தமிழாகிவிட்டன. மூன்று மணி நேரம் உரையாடிப் பெற முடியாத செய்தியை அந்த மை நிற மாற்றம் சொல்லிவிட்டது.

உரையாடலுக்குப் போகும்போது

‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி, வந்த நோக்கத்தையும், எத்தனை பக்கம் எழுதப் போகிறோம் என்பதையும், அச்சுக்குப் போகும் முன் படிக்கத் தருவோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்டுவிட முயல வேண்டாம். ஒன்றரை மணி நேரம் வீதம் மூன்று நாள் போவது நல்லது. கைபேசியில் பதிவு செய்வதானால் இசைவு பெற்று, மின்விசிறிக்கு நேர்கீழே வைக்காமல் அவருக்கு அருகில் ஒரு துணியின் மேல் வையுங்கள். என் முதல் பதிவில் விசிறியின் சத்தமும் தெருவில் போன மினிபஸ்ஸின் ஹாரனுமே தெளிவாகக் கேட்டன.

பேச்சு நடுவே அவர் மொழி மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுவயதைப் பேசும்போது தமிழாக இருப்பது, துறைத் தலைவராக இருந்த காலத்தைச் சொல்லும்போது ஆங்கிலமாக மாறலாம். திறனாய்வைப் பற்றி ஆங்கிலத்தில் தொடங்கிய வாக்கியம் ஒரு பழமொழியில் தமிழாக முடியலாம். எழுதும்போது அவற்றை எல்லாம் சீரான தமிழாக்கிவிட்டு, மொழி மாறியதையே மறைத்துவிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. வாக்கியத்தைத் தமிழில் தந்து, இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார் என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும்.

குடும்பத்தாரிடமும் பேசுங்கள், குறிப்பாக மனைவியிடம். கையெழுத்துப் படியை நகலெடுத்தவர், தட்டச்சகத்துக்குக் கொண்டுபோனவர், அச்சுப்பிழை திருத்தியவர் பல வீடுகளில் அவர்தாம். ‘அம்மா, ஐயா தமிழில் எழுதியதை முதலில் நீங்கள் படிப்பீர்களா?’ என்ற கேள்விக்கு ஒருமுறை கிடைத்த விடை: ‘தமிழில் எழுதினால் என்னிடம் காட்டுவார்; இங்கிலீஷில் எழுதினால் காலேஜில் காட்டுவார்.’ முதல் வாசகர் யார் என்பது மொழியைத் தீர்மானித்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எழுதியிருக்க மாட்டேன்.

நூற்பட்டியல் தயாரித்தல்

தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு பட்டியல் போடாமல், எழுதிய ஆண்டின் வரிசையில் ஒரே பட்டியல் போடுங்கள். மொழியைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். எழுதிய ஆண்டு, இதழில் வந்த ஆண்டு, நூலான ஆண்டு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இந்த இடத்தில் நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன். ஒரு பேராசிரியரின் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு மட்டுமே என் கைக்குக் கிடைத்தது. அதில் முதற்பதிப்பின் ஆண்டு அச்சிடப்படவில்லை. அதன் ஆங்கில வடிவம் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே வந்திருந்ததால், அவர் ஆங்கிலத்தில் எழுதிப் பின் தமிழாக்கினார் என்று எழுதி, அதன்மேல் இரண்டு பக்கத்துக்கு ஒரு கோட்பாட்டையே கட்டியெழுப்பிவிட்டேன். மலர் அச்சானபின் பழைய மாணவர் ஒருவர் முதற்பதிப்பைக் கொண்டுவந்து காட்டினார். தமிழ்தான் பதினோராண்டு முந்தியது. பேராசிரியர் சிரித்துவிட்டு விட்டார், எனக்குத்தான் இன்றுவரை கூச்சம் தீரவில்லை.

முதற்பதிப்பு வீட்டில் இல்லையென்றால் சென்னையில் 1896 முதல் இயங்கிவரும் கன்னிமாரா நூலகத்தில் தேடலாம். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படி அங்கே போக வேண்டும். சிறுபத்திரிகைகளுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உதவும். தேடும்போது பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தமிழில் ஒரு தலைப்பெழுத்து, ஆங்கிலத்தில் இரண்டு, புனைபெயர் ஒன்று என்று மூன்று பெயர்களில் ஒருவர் இருப்பது வழக்கமே. ஆங்கிலப் பேராசிரியராக இருந்த அ. சீனிவாசராகவன் தமிழ்க் கவிதைகளை ‘நாணல்’ என்ற புனைபெயரில் எழுதினார். 1968-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவரையே, புனைபெயர் தெரியாமல் தேடினால் பாதி எழுத்துதான் கிடைக்கும்.

ஒவ்வொரு நூலுக்கும் எதிரே அது மூலமா, பிறர் செய்த மொழிபெயர்ப்பா, தாமே செய்த மொழிபெயர்ப்பா, மறு ஆக்கமா என்று குறிக்க வேண்டும். இராஜாஜி கல்கி இதழில் தமிழில் சொன்ன மகாபாரதக் கதை 1951-இல் ஆங்கில நூலாக வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர், வாசகர் மாறும்போது விளக்கம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதைப் பார்க்கலாம். உங்கள் பேராசிரியருக்கும் அப்படி ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள். முழு நூலை ஒப்பிட வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சோற்றுச் சொற்களே நல்ல சோதனை. கேழ்வரகுக் களியை ஆங்கிலத்தில் கஞ்சி என்று பொருள்படும் சொல்லால் எழுதினால் அது கூழாகிவிடும்; களி என்றே ஆங்கில எழுத்தில் எழுதினால் வெளியூர் வாசகர் காளியம்மனை நினைத்துக்கொள்வார், ஏனெனில் அந்த எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் அப்படியே. ஆங்கிலச் சொல் ஐரோப்பிய வாசகருக்குக் காட்டுவது வேறொரு பழத்தை. இத்தகைய இடத்தில் உங்கள் பேராசிரியர் என்ன செய்தார், அடிக்குறிப்பு இட்டாரா, சொல்லை மாற்றினாரா, வாக்கியத்தையே விட்டுவிட்டாரா என்று பாருங்கள். அவருடைய மொழிக் கொள்கை, முன்னுரையில் அவர் சொல்லிக்கொள்வதை விட அங்கேதான் வெளிப்படும்.

வகுப்பறையை எழுதுதல்

பதவிகளின் பட்டியல் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். விரிவுரையாளராகச் சேர்ந்தது, மாறுதலில் போனது, துறைத் தலைவரானது, முதல்வராக ஓய்வு பெற்றது ஆகியவற்றை ஆண்டுகளோடு சொல்லிக் கடந்துவிடலாம். எழுத வேண்டியது அவர் கற்பித்த முறையை. பென்னாகரத்திலிருந்தும் மொரப்பூரிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு ஆங்கில இரங்கற்பாவை எப்படிப் புரியவைத்தார்? புறநானூற்றின் 235-ஆம் பாடலில் அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலையை முதலில் படித்துக்காட்டி, அதன்பின் ஆங்கிலக் கவிதைக்குப் போனார் என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னால், அது வெறும் கற்பித்தல் உத்தி மட்டுமன்று. அதியமான் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தருமபுரி மண்ணில் நின்று ஓர் ஆங்கிலப் பாடத்தை நடத்திய இருமொழியாளரின் செயல். அவர் பின்னாளில் எழுதிய ஒப்பிலக்கியக் கட்டுரைக்கு விதை அந்த வகுப்பில் விழுந்ததா என்று காலவரிசையில் தேடிப் பாருங்கள். வெவ்வேறு ஆண்டுகளில் படித்த மாணவர் நால்வரையாவது தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் நால்வரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்.

எழுதும்போது

நம் வட்டாரத்தில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் கலை புதியதன்று. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களின் முன் சற்று நேரம் நின்று பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எவருடைய சேவகன், எதற்காகப் பட்டான் என்ற விவரங்களைச் சில வரிகளில் சொல்லிவிட்டு அந்தக் கல் நிறுத்திக்கொள்கிறது. வீரனைப் பாராட்ட அடைமொழி தேடி அலையவில்லை. நம் மலர்க் கட்டுரைகளோ பெயர் வருவதற்கு முன்பே மூன்று பட்டங்களைச் சுமக்கின்றன. அழைப்பிதழில் போடும் பட்டங்களைக் கட்டுரையின் முதல் வரியிலேயே இறக்கிவைத்துவிட்டு, பிறகு பெயரையோ ‘பேராசிரியர்’ என்பதையோ மட்டும் பயன்படுத்துங்கள். ‘முதன்முதலில்’, ‘ஒரே’ என்ற சொற்களை, சான்று கையில் இல்லாமல் எழுத வேண்டாம்.

தொடக்கத்தைப் பிறந்த ஊரில் வைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மொழி மாறிய ஒரு தருணத்தில் தொடங்கி, பிறகு பின்னோக்கிப் போகலாம். புகுமுக வகுப்பின் முதல் நாளும், முதல் ஆங்கிலக் கவிதை திரும்பி வந்த நாளும், இருபதாண்டு ஆங்கிலத்தில் எழுதியபின் தாயின் மறைவுக்குத் தமிழில் எழுத உட்கார்ந்த இரவும் அத்தகையவை. ஆனால் அப்படித் தொடங்கினால் ஆண்டை உடனே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வாசகர் மூன்று பக்கத்துக்குத் தவிப்பார்.

பதவி உயர்வு தள்ளிப்போனது, பழிவாங்கும் மாறுதல், துறைக்குள் நடந்த பூசல், சாதி காரணமாகப் பட்ட அவமதிப்பு ஆகியவற்றைப் பேராசிரியர்கள் இரண்டாம் நாள் உரையாடலில்தான் சொல்வார்கள். இவற்றை மறைத்தால் வரலாறு பொய்யாகும். ஒருதரப்பாக எழுதினால் பழியாகும். நிகழ்ந்ததையும் அதன் விளைவாக எழுத்தில் நேர்ந்ததையும் எழுதுங்கள், மறுதரப்பினரின் பெயரைத் தவிருங்கள். மாறுதலில் தனியே தங்கியிருந்த நான்காண்டுகளில் அவர் ஒன்றும் எழுதாமல் இருந்திருக்கலாம், அல்லது அந்த நான்காண்டுகளில்தான் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கலாம். வாசகருக்குத் தேவை அதுதான். பதிவியந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் சொன்னவற்றை எழுதவே கூடாது.

வரைவு முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள்: ஆங்கிலம் அறியாத தமிழ் வாசகர் ஒருவர், பேராசிரியரின் ஆங்கில நூல்களை மட்டுமே படித்த ஒருவர். முதலாமவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே ஆங்கில நூலைப் பற்றிப் போதிய விளக்கம் இல்லை. இரண்டாமவர் எங்கே வியக்கிறாரோ அங்கே பெரும்பாலும் நீங்கள் கண்டெடுத்த புதிய செய்தி இருக்கும். அதன்பின் பேராசிரியரிடம் படி கொடுத்து, ஆண்டு, பெயர், ஊர் ஆகியவற்றைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். உங்கள் மதிப்பீட்டை அவர் திருத்த முனைந்தால், பணிவாகக் கேட்டுக்கொண்டு, அவருடைய மறுப்பையும் அடிக்குறிப்பில் சேர்க்கலாம்.

அச்சானதும் ஒரு படியைக் கல்லூரி நூலகத்துக்கும் ஒரு படியை மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுங்கள். இரவல் வாங்கிய புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் முதற்பதிப்புகளையும் வாங்கிய நாளில் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு, குறைவில்லாமல் நேரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். புகைப்படங்களின் பின்புறத்தில் எதுவும் எழுதியிருக்கக் கூடாது. யார் யார், எந்த ஆண்டு என்று அவர் சொன்ன விவரங்களைத் தனித்தாளில் எழுதி, அதே உறைக்குள் வைத்துக் கொடுத்தால் அவர் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.